யூஎக்ஸ் ரிசர்ச்சர் வேலை: நெல்லைப் பக்கத்து அனுபவங்கள்

முக்கூடல் பக்கத்திலிருந்து

யூஎக்ஸ் ரிசர்ச் வேலைக்கு, அதாவது செயலிகளை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள், எங்கே தடுமாறுகிறார்கள் என்று ஆராயும் வேலைக்கு, எப்படிப் போனீர்கள் என்று தனித்தனியாகக் கேட்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். நான் படித்தது மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் சமூகவியல். டிசைன் படிக்கவில்லை, கோடிங்கும் தெரியாது. இப்போது பெங்களூரில் இருக்கும் ஒரு நிதிச் செயலி நிறுவனத்துக்கு ஊரிலிருந்தே வேலை பார்க்கிறேன்.

ஆன்லைன் சான்றிதழ் என்னிடமும் உண்டு. நேர்காணலில் அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர்கள் துருவித் துருவிக் கேட்டதெல்லாம் எங்கள் தெருவில் நானாகவே செய்த ஒரு சின்ன ஆய்வைப் பற்றித்தான். அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எங்கள் பக்கம் பீடி சுற்றும் பெண்கள் அதிகம். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி; பணம் வங்கிக் கணக்கில் ஏறும். கூலி ஏறிவிட்டதா என்று அவர்கள் எப்படித் தெரிந்துகொள்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி. வீட்டில் போன் இருக்கிறது, வங்கிச் செயலியையும் பிள்ளைகள் ஏற்றிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனாலும் பாஸ்புக்கை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிப் போய்ப் பதிந்து வருகிறார்கள். அரை நாள் போய்விடும். அந்த அரை நாளில் சுற்றாத பீடிக்குக் கூலி கிடையாது.

"செயலி எப்படி இருக்கு பெரியம்மா?" என்று கேட்டால் "நல்லாத்தாம்மா இருக்கு" என்றுதான் பதில் வரும். வீடு தேடி வந்த பிள்ளையிடம் நம் ஊரில் யார் குறை சொல்வார்கள்? அதனால் கருத்துக் கேட்பதை விட்டுவிட்டு, செய்து காட்டச் சொன்னேன். மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்வது இந்தத் துறையில் வழக்கமான முறை. ஒருவரைத் தனியாக உட்கார வைத்தால் "ஏட்டி, பரிச்சையா வைக்க?" என்று கூச்சப்பட்டு மௌனமாகிவிடுகிறார்கள். எனவே பக்கத்துப் பக்கத்து வீட்டு அக்காமார் இருவரிடம் ஒரே போனைக் கொடுத்தேன். அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதிலேயே எனக்கு வேண்டியதெல்லாம் வந்துவிட்டது. இப்படி ஜோடியாக வைத்துப் பார்ப்பதும் ஏற்கப்பட்ட முறைதான். அதைத் தேர்ந்தெடுத்த காரணத்தை நேர்காணலில் சொன்னபோதுதான் எதிரில் இருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

பார்த்தது இது. ஓடிபி வந்த செய்தி திரையின் மேலே வந்து நிற்கிறது. விரலெல்லாம் புகையிலைத் தூள். அக்கா விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு வருவதற்குள் செய்தி மறைந்துவிட்டது. மெசேஜைத் தேடித் திறந்து, எண்ணை முணுமுணுத்துக்கொண்டே திரும்பினால் செயலி முதல் பக்கத்துக்குப் போயிருக்கிறது. இன்னொருமுறையும் அதேதான். "விடு, பேங்குக்கே போயிருவோம்" என்று போனைக் கீழே வைத்துவிட்டார்.

உள்ளே நுழைந்தவர்களுக்கும் சிக்கல் தீரவில்லை. மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய் வருகிறது. கேஸ் மானியம் வருகிறது. கூலியும் அதே கணக்குக்குத்தான். செயலி காட்டுவதோ மொத்த இருப்பை மட்டும். "இதுல கூலி எது?" என்ற கேள்விக்கு அங்கே பதில் இல்லை, கீழே போய்ப் பார்த்தாலும் ஆங்கில எழுத்துகளும் எண்களுமாக ஒரு வரி. பாஸ்புக் என்றால் வங்கியில் யாராவது ஒரு அண்ணாச்சி வரியைத் தொட்டுக் காட்டிவிடுவார். கடைசி மூன்று வரவையும், யார் போட்டது என்பதோடு தமிழில், இருப்புக்கு மேலே காட்டுகிற மாதிரி ஒரு திரையைத் தாளில் வரைந்து கொண்டுபோனேன். அக்காவின் விரல் நேராகக் கூலி வரியில் போய் நின்றது.

நேர்காணலில் கேட்டவற்றில் இரண்டை மட்டும் சொல்கிறேன். "இத்தனை கொஞ்சம் பேரை வைத்து எப்படி முடிவுக்கு வந்தீர்கள்?" ஐந்து பேரிடம் சோதித்தாலே சுமார் 85 சதவீதக் குறைகள் தெரிந்துவிடும் என்று இந்தத் துறையின் வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதியதை எல்லாரும் ஒப்பிப்பார்கள். அது எங்கே செல்லாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். குறைகளைக் கண்டுபிடிக்க அது போதும். "பத்தில் எத்தனை பேருக்கு இந்தக் கஷ்டம்" என்று கணக்குச் சொல்ல முடியாது. பயன்படுத்துவோர் இரு வேறு வகை என்றால் ஒவ்வொரு வகைக்கும் தனியாக ஆள் வேண்டும். அடுத்தது, "உங்கள் ஆய்வால் என்ன மாறியது?" வங்கியில் எதுவும் மாறவில்லை, நான் அங்கே வேலை பார்க்கவில்லை என்று நேராகச் சொன்னேன். மாற்றினால் எதை அளந்து பார்ப்பேன் என்பதையும் சொன்னேன்: பாஸ்புக் பதியப் போகும் தடவைகள் குறைகிறதா என்று.

பாளையங்கோட்டை

அக்கா, நீங்கள் எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன். நம் பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளி, காது கேளாதோர் பள்ளி இரண்டுமே பல காலமாக இருக்கின்றன. பார்வையற்ற நண்பர் ஒருவர் போனில் டாக்பேக் (திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துச் சொல்லும் வசதி) போட்டு ரயில் டிக்கெட் எடுப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு செயலியில் பெயரில்லாத பொத்தான்கள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் "பட்டன், பட்டன்" என்று மட்டும் அந்தக் குரல் சொல்லிக்கொண்டே போனது. பணம் கட்டும் பொத்தான் எது என்று அவர் குத்துமதிப்பாகத்தான் அழுத்த வேண்டியிருந்தது. எனக்குக் கோபமே வந்துவிட்டது. அதை எழுதி அனுப்பித்தான் எனக்கு இன்டர்ன்ஷிப் கிடைத்தது. ஒப்புதல் எப்படி வாங்கினாய் என்று அழுத்திக் கேட்டார்கள். 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. நான் படிவத்தை வாசித்துக் காட்டி, சம்மதத்தை அவர் குரலிலேயே பதிந்து வைத்திருந்தேன்.

இன்னொன்று. ஆள் எடுக்கும்போது வீட்டுப்பாடம் என்ற பெயரில், தங்கள் சொந்தப் பொருளுக்கே வாரக்கணக்கில் வேலை வாங்கப் பார்க்கிற நிறுவனங்களும் இருக்கின்றன. எத்தனை மணி நேர வேலை என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பதில் சொல்லாவிட்டால் விட்டுவிடலாம்.

தென்காசி

நான் ஆள் எடுக்கும் பக்கத்தில் இருக்கிறேன். மத்தளம்பாறையில் சோஹோ மென்பொருள் நிறுவனம் வந்த பிறகு இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மென்பொருள் வேலை என்றாலே சென்னை என்ற எண்ணம் குறைந்திருக்கிறது, சந்தோஷம். ஆனால் ரிசர்ச்சர் இடங்கள் எங்குமே குறைவு. சப்போர்ட்டிலோ டெஸ்டிங்கிலோ சேர்ந்து உள்ளுக்குள் மாறுவதும் நல்ல வழி. தினமும் வாடிக்கையாளர் குறை கேட்கிறவருக்கு எங்கே வலிக்கிறது என்று தெரியும்.

எனக்கு வரும் கேஸ் ஸ்டடிகளில் (தாங்கள் செய்த ஆய்வை விளக்கி எழுதி அனுப்புவது) பாதி, வண்ண வண்ணமாக ஒட்டிய சீட்டுகளின் படம். எதற்காக இந்த முறை, ஏன் கருத்துக் கணிப்பு வேண்டாம் என்று நினைத்தீர்கள், எதிர்பார்த்ததற்கு மாறாக என்ன தெரிந்தது, இவற்றைத்தான் நான் தேடுகிறேன். முக்கூடல் தங்கச்சி சொன்ன ஜோடி விஷயம் மாதிரி ஒரு பத்தி இருந்தால் போதும், கூப்பிட்டுப் பேசிவிடுவேன்.

முக்கூடல் பக்கத்திலிருந்து

நன்றி அண்ணாச்சி. ஆங்கிலம் பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். நேர்காணல் ஆங்கிலத்தில்தான். அக்காமார் பேசிய குரல்பதிவைத் தமிழிலேயே ஓடவிட்டு, கீழே ஆங்கிலத்தில் எழுத்து போட்டேன். மற்றதைத் தங்கையிடம் சத்தமாகச் சொல்லிப் பழகினேன். நீங்கள் எழுதிய கேஸ் ஸ்டடி இருந்தால், ஆள் பெயர், முகம், கணக்கு எண் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு இங்கே போடுங்கள். வார இறுதியில் உட்கார்ந்து படித்து, எந்த இடத்தில் கேள்வி வரும் என்று எழுதுகிறேன்.