ரேடியேட்டர் மாத்தணுமா? வேளச்சேரி அப்பார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழு

[சனி, காலை 7:08] கார்த்திக் சி2: பார்க்கிங்ல வண்டி முன்பக்கம் கீழ பிங்க் கலர்ல சொட்டு இருக்கு. ரிசர்வ் டேங்க்ல அளவு மின் (MIN, குறைஞ்சபட்ச அளவு) கோட்டுக்கும் கீழ. ஒர்க்‌ஷாப்ல ரேடியேட்டரையே மாத்தணும்னு சொல்றாங்க. பெட்ரோல் ஹேட்ச்பேக், 9 வருஷ வண்டி. மாத்திடலாமா?

[7:15] சேகர் ஏ1: தம்பி, ராத்திரி முழுக்க நின்ன வண்டிதானே? ஸ்டார்ட் பண்ணாதே. பானெட்டைத் திறந்து டார்ச் அடிச்சுப் பாரு. மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் ரெண்டும் ரேடியேட்டர்ல சேர்ற வாய், ரேடியேட்டரோட பிளாஸ்டிக் டேங்க்கும், குழாயும் ஃபின்னும் இருக்கற அலுமினிய கோரும் சேர்ற ஓரம், அப்புறம் வாட்டர் பம்ப்புக்கு அடியில ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அது. கூலன்ட், அதான் இன்ஜினை ஆற வைக்கற திரவம், கசிஞ்ச இடத்துல காஞ்சு போய் உப்பு பூத்திருக்கும், தப்பவே தப்பாது.

[7:31] கார்த்திக் சி2: (படம்) வலது பக்க டேங்க் ஓரமா மேலேர்ந்து கீழ வரைக்கும் வெள்ளையும் பிங்கும் கலந்து படிஞ்சிருக்கு. ஹோஸ் வாய் காய்ஞ்சுதான் இருக்கு.

[7:34] விமலா டி4: அது கிரிம்ப் ஓரம். அலுமினிய பல்லை மடிச்சு பிளாஸ்டிக் டேங்க்கைப் பிடிச்சிருப்பாங்க, நடுவுல ஒரு ரப்பர் கேஸ்கெட். 9 வருஷத்துல அந்த ரப்பர் இறுகிப் போயிருக்கும். சூட்டுல பிளாஸ்டிக் விரியறப்ப அடைச்சுக்கும், ஆறினதும் சுருங்கி சொட்டும். ஓடறப்ப கசிவு தெரியாம காலையில தரையில கறை தெரியறது அதனாலதான்.

[7:36] சேகர் ஏ1: ஆனா அதை மட்டும் பாத்து முடிவு பண்ணாதே. பிரஷர் டெஸ்டர் வெச்சுப் பார்க்கச் சொல்லு. ரேடியேட்டர் மூடி (கேப்) இருக்கற இடத்துல மாட்டி கையால பம்ப் பண்றது. கேப்ல போட்டிருக்கற அளவுக்கு ஏத்திட்டு 10 நிமிஷம் விட்டா முள் இறங்கக் கூடாது. இறங்கினா எங்கேர்ந்து வருதுன்னு கண்ணுக்கே தெரியும். வெளிய ஒரு சொட்டும் இல்லாம முள் இறங்கினா ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படணும், இன்ஜின் பிளாக்குக்கும் மேல் ஹெட்டுக்கும் நடுவுல இருக்கறது. அப்ப புது ரேடியேட்டர் போட்டும் பிரயோஜனம் இல்லை.

[7:40] விமலா டி4: ஆயில் டிப் ஸ்டிக்கும் எடுத்துப் பாருங்க. கூலன்ட் கலந்து பால் டீ கலர்ல இருந்தா உடனே வண்டியை நிறுத்தணும். சாதாரணமா இருந்தா நிம்மதி.

[7:52] கார்த்திக் சி2: ஆயில் சுத்தமா இருக்கு அக்கா. கேப்ல 0.9னு போட்டிருக்கு.

[7:55] விமலா டி4: அந்த 0.9தான் முக்கியம். சும்மா தண்ணி 100 டிகிரியில கொதிக்கும். பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்தா 107 கிட்ட. மேல 0.9, 1 பார்னு அழுத்தம் ஏறினா 125ஐத் தாண்டியும் கொதிக்காது. கேப் ஸ்பிரிங் தளர்ந்தா அந்த லாபம் மொத்தமும் போயிடும். ரிசர்வ் டேங்க் பொங்கி வழியும், எல்லாரும் ரேடியேட்டரைத் திட்டுவாங்க. இன்னொரு வால்வும் கேப்புக்குள்ள இருக்கு, ஆறறப்ப ரிசர்வ்லேர்ந்து திரும்ப இழுக்கறதுக்கு. அது அடைச்சிருந்தா காலையில மேல் ஹோஸ் சப்பிப் போய் இருக்கும்.

[7:57] சேகர் ஏ1: நம்ம ஊர் சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ் ஜெனரல் மோட்டார்ஸுக்கே ரேடியேட்டர் கேப் செஞ்சு அனுப்பின கம்பெனி. நல்ல கேப் கிடைக்காத ஊர் இல்லை இது. அதே 0.9தான் வாங்கணும். 1.1 போட்டா இன்னும் நல்லதுன்னு யாராவது சொன்னா கேக்காதே, பழைய ஹோஸும் டேங்க்கும் தாங்காது.

[8:20] லதா பி3: ஒரு சந்தேகம். நம்ம ஊர்ல எங்க ஐஸ் கட்டப் போகுது? கூலன்ட் எதுக்கு, தண்ணி ஊத்திக்கலாமேன்னு டிரைவர் சொல்றார்.

[8:26] விமலா டி4: ஐஸுக்காக இல்லை மேடம். துருவும் உப்பும் பிடிக்காம இருக்கறதுக்கு. வேளச்சேரி போர் தண்ணியில உப்பும் சுண்ணாம்பும் ரொம்ப அதிகம். சூடாகறப்ப சுண்ணாம்பு குழாய்க்குள்ள படியும். குளோரைடு அலுமினியத்தைப் பொட்டுப் பொட்டா அரிக்கும். ரேடியேட்டர் குழாய்ச் சுவர் அரை மில்லிமீட்டர் கூட கிடையாது, ஓட்டை விழ ரொம்ப நாள் ஆகாது. கத்திரி வெயில்ல ஏசியும் ஓடறப்ப கொதிநிலை தள்ளி இருக்கறதும் வேணும்.

[8:29] லதா பி3: கேன் தண்ணி?

[8:31] சேகர் ஏ1: அதுலயும் கொஞ்சம் உப்பு இருக்கு. பேட்டரி கடையில விக்கற டிஸ்டில்டு வாட்டர்தான் சரி. நடுரோட்டுல வேற வழியில்லைன்னா கேன் தண்ணி ஊத்தி வீடு வந்து சேரலாம். அப்புறம் மொத்தத்தையும் இறக்கிட்டு புதுசு ஊத்தணும்.

[8:33] விமலா டி4: கூலன்ட் வாங்கறப்ப டப்பாவைப் படிங்க. அப்படியே ஊத்தறது ஒண்ணு, தண்ணி கலந்து ஊத்தறது ஒண்ணு. கலந்து வந்ததுல மறுபடி தண்ணி சேர்த்தா பாதுகாப்பு பாதியாயிடும். கலரை நம்பாதீங்க, பச்சைக்கும் பிங்குக்கும் எந்தக் கம்பெனியும் கட்டுப்பட்டது இல்லை. வண்டி மேனுவல்ல போட்ட வகை எதுவோ அதுதான். ரெண்டு வகை கலந்தா துருத் தடுப்பு கெடும், சில சமயம் கொழகொழன்னு ஆயிடும்.

[9:05] பாலாஜி சி5: டேங்க்கை மட்டும் பிரிச்சு புது கேஸ்கெட் போட்டு மறுபடி மடிச்சுத் தருவாங்களே, செலவு ரொம்பக் கம்மி. அதுவே போதாதா சார்?

[9:12] சேகர் ஏ1: கோர் நல்லா இருந்தா செய்யலாம், நான் தப்புன்னு சொல்ல மாட்டேன். பழைய செம்பு பித்தளை ரேடியேட்டர்னா ஈயம் வெச்சே காலத்துக்கும் ஓட்டிடலாம்.

[9:14] விமலா டி4: எனக்கு ஒப்புதல் இல்லை அங்கிள். அந்தப் பல் ஒரு தடவை மடிக்கத்தான். நிமித்தி மறுபடி மடிச்சா அலுமினியம் வெடிப்பு விடும். 9 வருஷ கோர்ல ஃபின்னை விரலால தொட்டுப் பாருங்க, பொடியா உதிர்ந்தா குழாய்லேர்ந்து சூடு காத்துக்குப் போகவே வழி இல்லை. அப்படி இருந்தா புது கேஸ்கெட் வேஸ்ட்.

[9:21] கார்த்திக் சி2: கீழ்ப் பகுதியில உதிருது 😟

[9:22] சேகர் ஏ1: அப்ப விமலா சொல்றதுதான் சரி. மாத்திடு. லீக் அடைக்கற பவுடர், லிக்விட் எதையும் ஊத்த விடாதே. ஓட்டையை அடைக்கறது ஹீட்டர் கோரையும் சேர்த்து அடைக்கும்.

[9:24] பாலாஜி சி5: ஜிபி ரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில பார்க்கலாம். புதுப்பேட்டையில பழசு கிடைக்கும்.

[9:27] விமலா டி4: ரேடியேட்டர் மட்டும் பழசு வேண்டாம். உள்ள என்ன படிஞ்சிருக்குன்னு வெளியேர்ந்து தெரியாது. சேசிஸ் நம்பர் சொல்லி வாங்குங்க கார்த்திக். மேனுவல் கியருக்கும் ஆட்டோமேட்டிக்குக்கும் ரேடியேட்டர் வேறயா இருக்கலாம். கோர் தடிமனையும் பழசோட ஒப்பிடுங்க, 26 மில்லி இருந்த இடத்துல 16 மில்லி வந்தா ஃபேன் ஓயாம ஓடும். கூடவே கேப், ரெண்டு ஹோஸ், தெர்மோஸ்டாட் வால்வும் (சூடானதும் திறந்து கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடறது) அதோட கேஸ்கெட்டும் வாங்கிடுங்க. எப்படியும் கூலன்ட் இறங்கப் போகுது.

[9:45] கார்த்திக் சி2: மெக்கானிக் நாளைக்கு இங்கயே வந்து மாத்தறேன்னார். நான் என்ன கவனிக்கணும்?

[10:02] சேகர் ஏ1: இன்ஜின் முழுசா ஆறணும். பேட்டரி நெகட்டிவ் கழட்டிடணும், சில வண்டியில இக்னிஷன் ஆஃப்ல இருந்தாலும் ஃபேன் திடீர்னு சுத்தும். அடியில பக்கெட் வெச்சு டிரெயின் திருகைத் திற. பிளாஸ்டிக் திருகு, பிளையர் போட்டா உடையும். ஹோஸ் ஒட்டிக்கிட்டா திருகித் திருகி எடுக்கணும், ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பக் கூடாது. ஃபேன் கனெக்டர், ஃபேன் கூடு, மேல் பிராக்கெட் 10 மில்லி போல்ட், அப்புறம் நேரா மேல தூக்கணும். முன்னாடி ஏசி கண்டென்சர் இருக்கு, அதோட பைப்பை வளைச்சா கேஸ் போயிடும். அடியில ரெண்டு ரப்பர் புஷ் பழைய கூட்டுலயே தங்கிடும், அது இல்லாம உக்கார வெச்சா அதிர்வுல புது டேங்க்கே விரிசல் விடும்.

[10:05] சேகர் ஏ1: கிளாம்ப்பை பழைய தடத்துலயே உக்கார வைக்கணும். திருகற கிளாம்ப்பை ரொம்ப முறுக்கினா பிளாஸ்டிக் வாய் நசுங்கும்.

[10:11] விமலா டி4: அதிகமா சொதப்பறது காத்து எடுக்கறதுலதான். சின்ன பெட்ரோல் வண்டிக்கு 4, 5 லிட்டர் பிடிக்கும், சரியான அளவு மேனுவல்ல இருக்கும். இறங்கினதை அளந்து வெச்சா எவ்வளவு ஏறலைன்னு தெரியும். மெதுவா ஊத்துங்க. பேட்டரியை மாட்டி, கேப் திறந்தபடி ஐடிலிங்ல விட்டு, ஹீட்டரை முழு சூட்டுல வைங்க. மேல் ஹோஸை விட்டு விட்டு அமுக்கினா குமிழ் வரும். பிளீட் ஸ்க்ரூ இருந்தா காத்தில்லாம கூலன்ட் வர்ற வரைக்கும் திறந்து வைக்கணும். 82லேர்ந்து 88 டிகிரிக்குள்ள தெர்மோஸ்டாட் திறந்ததும் அளவு சட்டுனு இறங்கும், அப்ப இன்னும் ஊத்தணும். குமிழ் நின்னதும் கேப் மூடி, ஃபேன் ரெண்டு தடவை ஓடி நிக்கற வரைக்கும் காத்திருங்க. ஏறின பிறகும் குமிழ் ஓயாம வந்தா அது காத்து இல்லை, ஹெட் கேஸ்கெட்.

[10:14] லதா பி3: எங்க வண்டியில சிக்னல்ல நின்னா மட்டும் சூடு ஏறுது, ஓட ஆரம்பிச்சா இறங்கிடுது. இதுவும் ரேடியேட்டரா?

[10:17] சேகர் ஏ1: அது ஃபேன் பக்கம்மா. ஏசி போட்டதும் ஃபேன் சுத்தணும். சுத்தலைன்னா ஃபியூஸ், ரிலே, மோட்டார் வரிசையா பாக்கச் சொல்லுங்க. ஜிஎஸ்டி ரோட்ல வேகமா போறப்ப ஏறினாத்தான் ரேடியேட்டர் அடைப்பு, பம்ப், தெர்மோஸ்டாட்.

[10:20] விமலா டி4: கூலன்ட் மொத்தமா போயிட்டா சென்சார் காத்துல நிக்கும், ஊசி நார்மலே காட்டலாம். ஹீட்டர்ல சூடு வராம போனா அதுவும் அறிகுறி. சிவப்பு விளக்கு வந்தா ஓரங்கட்டி ஆஃப் பண்ணிடுங்க, முக்கால் மணி நேரம் கேப்பைத் தொடாதீங்க. சூட்டுல பச்சைத் தண்ணி ஊத்தினா அலுமினிய ஹெட் வளையும். அப்புறம் லேத்ல ஃபேஸிங் பண்ற செலவு.

[10:31] கார்த்திக் சி2: பழைய கூலன்ட்டை சாக்கடையில ஊத்திடலாமா?

[10:33] விமலா டி4: வேண்டவே வேண்டாம். இனிப்பா இருக்கும், நாய் பூனை நக்கினா சிறுநீரகம் போய் செத்துடும். மூடி போட்ட கேன்ல பிடிச்சு ஒர்க்‌ஷாப்ல எண்ணெய்க் கழிவோட குடுக்கச் சொல்லுங்க. பார்க்கிங்ல இப்ப இருக்கற கறையையும் மண்ணு போட்டு ஒத்தி எடுத்துட்டு கழுவுங்க, நம்ம தெரு நாய் ரெண்டும் அங்கதான் படுக்குது.

[10:36] கார்த்திக் சி2: இப்பவே இறங்கறேன் அக்கா.

[10:38] சேகர் ஏ1: மாத்தின மறுநாள் காலையில ஓட்டறதுக்கு முன்னாடி ரிசர்வ் அளவைப் பாரு. கொஞ்சம் இறங்கியிருக்கும், மேக்ஸுக்கும் மின்னுக்கும் நடுவுல நிரப்பு. ஒரு வாரம் தினமும் பாரு.