'ஒன்லி' எங்கே நிற்க வேண்டும்? கானாடுகாத்தானில் ஒரு அறிவிப்புத் தாள்

கானாடுகாத்தான் ஆச்சி:
எங்கள் வீட்டின் இரண்டாம் கட்டில் சில அறைகளைச் சுற்றுலா வருபவர்களுக்கு விடுகிறோம். கதவுக்குப் பின்னால் ஆங்கிலத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: "தி அட்வான்ஸ் வில் ஒன்லி பி ரிட்டர்ன்ட் இஃப் தி கீ இஸ் ஹேண்டட் ஓவர் பை டென்." பத்து மணிக்குள் சாவி கொடுத்தால்தான் முன்பணம் திரும்பக் கிடைக்கும் என்று எழுத நினைத்தோம். போன வாரம் வந்தவர் ஒன்பதரைக்கே சாவியைக் கொடுத்துவிட்டார். ஆனால் அறைத் தரையில் ஆத்தங்குடிக் கல் ஒன்று உடைந்திருந்தது. கண்ணாடி மேல் வார்த்துக் கையால் செய்கிற கல், பழைய நிறத்துக்குப் பொருந்துவது சுலபமாகக் கிடைக்காது. அதற்குக் கொஞ்சம் பிடித்துக்கொண்டோம். "சாவி கொடுத்தால் பணம் என்று நீங்கள்தானே எழுதினீர்கள், பிடித்தம் என்று எங்கே இருக்கிறது?" என்று சண்டை. 'ஒன்லி' இடம் மாறியதால் வந்த வினை என்கிறான் என் மகன். அப்படித்தானா?

காரைக்குடி டியூஷன் வாத்தியார்:
மகன் சொல்வது சரி, ஆச்சி. ஒன்லி, ஈவன், எஸ்பெஷலி போன்ற சொற்கள் எதைச் சுட்டுகின்றனவோ அதற்கு நேர் முன்னால் நிற்க வேண்டும். நீங்கள் இறுக்க நினைத்தது நிபந்தனையை. 'ஒன்லி'யோ வினைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. "வில் பி ரிட்டர்ன்ட் ஒன்லி இஃப்" என்று இருந்திருக்க வேண்டும். தமிழில் நமக்கு இந்தத் தொல்லை கிடையாது. 'தான்', 'மட்டும்', ஏகாரம் எல்லாம் உரிய சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்ளும். ஒன்றை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டும் ஏகாரத்தைத் தொல்காப்பியம் பிரிநிலை ஏகாரம் என்று தனியாகவே சொல்கிறது. ஆங்கிலத்தில் ஒட்டு இல்லை, இடம்தான் எல்லாம்.

பள்ளத்தூர் மாணவி:
சார், மன்னிக்கணும், இதை ஏற்க முடியாது. ஆங்கில மொழி அறிஞர் ஃபவுலர் 1926-ல் வெளியிட்ட ஆங்கில வழக்கு அகராதியிலேயே, "ஹி ஒன்லி டைட் எ வீக் அகோ" (ஒரு வாரம் முன்னால்தான் இறந்தார்) என்பதில் குற்றம் காண வேண்டாம் என்று வாதிட்டிருக்கிறார். வினைக்கு முன்னால் 'ஒன்லி' வருவது ஆங்கிலத்தின் இயல்பான ஓட்டம். பின்னால் 'இஃப்' வந்ததும் படிப்பவர் இரண்டையும் சேர்த்துக்கொள்வார். ஆச்சி வீட்டு வாக்கியத்தில் 'ஒன்லி'யை எங்கே நகர்த்தினாலும் அந்த விருந்தினர் இதே சண்டையைத்தான் போட்டிருப்பார்.

காரைக்குடி டியூஷன் வாத்தியார்:
பேச்சில் குரலை அழுத்திக் காட்டலாம் அம்மா, தாளுக்கு வாய் ஏது? இதைப் பார்: "வி ஒன்லி சர்வ் டிஃபன் இஃப் யூ டெல் அஸ் தி நைட் பிஃபோர்." முந்தைய நாள் இரவே சொன்னால்தான் டிஃபன் என்பதா, சொன்னாலும் டிஃபன் மட்டும்தான், சாப்பாடு இல்லை என்பதா? 'ஒன்லி'யை 'இஃப்' பக்கத்தில் வை, குழப்பம் தீர்ந்தது.

பள்ளத்தூர் மாணவி:
வைத்தால் என்ன ஆகும்? "வி சர்வ் டிஃபன் ஒன்லி இஃப் யூ டெல் அஸ்." நம் ஊர் ஆங்கிலத்தில் 'ஒன்லி' பின்னால் தொங்கும் சார். "ஐ ஆம் ஃப்ரம் காரைக்குடி ஒன்லி" என்று நாள் முழுக்கக் கேட்கிறோம். அந்தக் காதுக்கு இது 'டிஃபன் ஒன்லி' என்றுதான் விழும். நீங்கள் விரட்டிய அதே குழப்பம் மறுபடி வந்துவிட்டது.

காரைக்குடி டியூஷன் வாத்தியார்:
அப்படியானால் நிபந்தனையையே முன்னால் கொண்டுவரலாம். "ஒன்லி இஃப் யூ டெல் அஸ் தி நைட் பிஃபோர் டு வி சர்வ் டிஃபன்." 'ஒன்லி இஃப்' தலையில் நின்றால் முதன்மை வாக்கியத்தில் துணைவினை எழுவாய்க்கு முன்னால் வந்துவிடும், 'டு வி சர்வ்' என்று. 'ஈவன் இஃப்' தலையில் நின்றால் இப்படிப் புரளாது. என்னிடம் படிக்கிற பிள்ளைகள் பலர் இரண்டையும் ஒன்றாக நினைத்து மதிப்பெண் விடுகிறார்கள்.

பள்ளத்தூர் மாணவி:
இலக்கணம் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விருந்தாளிக்கு ஒட்டுகிற தாளில் அப்படி எழுதினால் மிரட்டல் போல இருக்கும்.

தேவகோட்டை வக்கீல்:
இடத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், சண்டை அங்கே இல்லை. 'ஒன்லி இஃப்' என்பது தேவையான ஒரு நிபந்தனையைச் சொல்கிறது. அது நிறைவேறினால் மட்டும் போதும் என்று எங்கும் சொல்லவில்லை. டிக்கெட் இருந்தால்தான் பல்லவன் எக்ஸ்பிரஸில் ஏறலாம் என்றால், டிக்கெட் வைத்திருக்கிற எல்லோருக்கும் உட்கார இடம் உண்டு என்று பொருளா? சாவி கொடுக்காவிட்டால் பணம் கிடையாது. கொடுத்தால் மற்றதையும் பார்ப்போம். அவ்வளவுதான் அந்த வாக்கியம். ஆனால் ஆச்சி ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒப்பந்தத்தில் ஒரு வரி இரண்டு பொருள் தந்தால், எழுதியவருக்கு எதிரான பொருளை எடுத்துக்கொள்வது சட்டத்தில் பழைய விதி. அந்த விருந்தினர் பக்கமும் நியாயம் பேச இடமிருக்கிறது.

பள்ளத்தூர் மாணவி:
அதைத்தான் நானும் சொல்ல வந்தேன் சார். "முதல் மார்க் வாங்கினால்தான் சைக்கிள்" என்று அப்பா சொல்கிறார். பிள்ளை முதல் மார்க் வாங்கிய பிறகு, "அது தேவையான நிபந்தனை மட்டும்தான்" என்று அவர் சொன்னால் எந்தப் பிள்ளை ஏற்கும்? ஒரே ஒரு நிபந்தனையைச் சொல்லி நிறுத்தினால், கேட்பவர் அதை வாக்குறுதியாகத்தான் எடுத்துக்கொள்வார். தர்க்கத்தில் அது இல்லை, ஆனால் மனிதர்கள் பேசிக்கொள்வதில் இருக்கிறது.

காரைக்குடி டியூஷன் வாத்தியார்:
கேட்பவரின் எதிர்பார்ப்பை வாக்கியத்தின் பொருளோடு கலக்கக் கூடாது. கலந்தால் 'இஃப்' வேறு, 'ஒன்லி இஃப்' வேறு என்று எந்தப் பிள்ளைக்கும் கற்றுத்தர முடியாது.

கானாடுகாத்தான் ஆச்சி:
அதே தாளில் இன்னும் இரண்டு வரி இருக்கிறது, அதையும் பாருங்கள். "நோ ரீஃபண்ட் ஈவன் தோ யூ லீவ் ஏர்லி." அப்புறம், "ப்ளீஸ் லாக் தி டோர், எஸ்பெஷலி இஃப் யூ ஆர் கோயிங் அவுட்."

பள்ளத்தூர் மாணவி:
முதல் வரியில் 'ஈவன் இஃப்' வேண்டும், ஆச்சி. 'ஈவன் தோ' நடந்துவிட்டதைச் சொல்வது, 'ஈவன் இஃப்' நடக்கலாம் என்பதைச் சொல்வது. "மழை பெய்தும் வந்தான்", "மழை பெய்தாலும் வருவான்" என்று நாம் பிரிக்கிறோமே, அதே பிரிவு. விருந்தாளி இன்னும் கிளம்பவில்லை, அதனால் 'கிளம்பினாலும்' என்பதுதான் பொருந்தும். இரண்டாவது வரி அப்படியே இருக்கட்டும். 'எஸ்பெஷலி இஃப்' விதியை எப்போதும் வைத்துக்கொண்டு ஒரு சமயத்தில் அழுத்துகிறது. அங்கே 'ஒன்லி இஃப்' போட்டால், உள்ளே இருக்கும்போது பூட்ட வேண்டியதில்லை என்றாகிவிடும்.

காரைக்குடி டியூஷன் வாத்தியார்:
இந்த இரண்டிலும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 'எஸ்பெஷலி'க்கு முன்னால் இருக்கும் காற்புள்ளியை மட்டும் யாரும் எடுத்துவிட வேண்டாம்.

கானாடுகாத்தான் ஆச்சி:
மகன் மாற்றி எழுதியிருக்கிறான்: "தி அட்வான்ஸ், லெஸ் தி காஸ்ட் ஆஃப் எனி டேமேஜ், வில் பி ரிட்டர்ன்ட் ஒன்லி இஃப் தி கீ இஸ் ஹேண்டட் ஓவர் பை டென்."

தேவகோட்டை வக்கீல்:
இதை வைத்து என்னால் வாதாட முடியும். அறைக்குள் வந்த பிறகு காட்டாமல், முன்பணம் வாங்கும்போதே படிக்கக் கொடுங்கள்.

பள்ளத்தூர் மாணவி:
நல்ல வரி. பிரச்சினையைத் தீர்த்தது 'லெஸ் தி காஸ்ட் ஆஃப் எனி டேமேஜ்'தான். 'ஒன்லி' பழைய இடத்திலேயே இருந்திருந்தாலும் இது நின்றிருக்கும்.

காரைக்குடி டியூஷன் வாத்தியார்:
நின்றிருக்கலாம். இருந்தாலும் நாளை என் வகுப்பில் இரண்டு வரியையும் பலகையில் எழுதி, 'இஃப்' பக்கத்தில் இருப்பதைத்தான் சரி என்று சொல்வேன்.