பரீட்சை மண்டபத்தில் தண்ணீர் கேட்டவள்

முத்தையன்கட்டுக்காரி:
ஒவ்வொரு முறை பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி வரும்போதும் இது நினைவுக்கு வரும். எழுதித் தொலைக்கிறேன். 2014 உயர்தரப் பரீட்சை, உயிரியல் பிரிவு, முல்லைத்தீவு மாவட்டம். வகுப்பில் நாங்கள் பதினொரு பேர், இடாப்பில் பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டாவது பெயரை மிஸ் கூப்பிடவே மாட்டார். வரவு மட்டும் விழும்.

முதல் தாளன்று எங்கள் பள்ளி மண்டபத்துக்கு வெளியே நிற்கிறேன். எங்கள் பள்ளிக் கழுத்துப்பட்டியோடு, மடிப்புக் கலையாத சீருடையில் ஒருத்தி வந்தாள். "இஞ்ச தண்ணிப் பைப் எங்கால இருக்கு?" என்றாள். கிணற்றடியைக் காட்டினேன். போத்தலை நிரப்பிக்கொண்டு சிரித்துவிட்டுப் போனாள். ரியூசன் யாழ்ப்பாணத்தில், பெயர் எங்கள் இடாப்பில், எங்கள் மாவட்டத்துக்கு வெட்டுப்புள்ளி குறைவு என்பதால். அவளுக்கு மருத்துவம் கிடைத்தது. எனக்குக் கடைசி முறையும் சரிவரவில்லை.

பரந்தன் சந்தி:
தங்கச்சி, அவளைப் பேசி என்ன பயன்? எந்த மாவட்டம் என்று முடிவெடுக்க, கடைசி மூன்று வருடம் எந்தப் பள்ளி என்று கடதாசியில்தானே பார்க்கிறார்கள். கையொப்பம் வைத்தவரைக் கேளுங்கள்.

நான் 2011. மீள்குடியேறித் தகரக் கொட்டிலில் இருந்து படித்தேன், பழைய பாடத்திட்டம். பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி வந்ததைப் பார்த்துவிட்டு அப்பா சந்தையில் பயற்றங்காய் வாங்க வந்த சனத்துக்கெல்லாம் "மோன் இஞ்சினியர்" என்று சொல்லிவிட்டார். அப்புறம் வழக்கு. பழைய பாடத்திட்டத்தையும் புதியதையும் ஒன்றாகப் போட்டுக் கணக்குப் பார்த்தது பிழை என்று 2012 யூனில் உயர் நீதிமன்றம் இரத்துச் செய்தது. புதிதாக வந்த புள்ளியில் நான் கீழே போனேன். ஒரே விடைத்தாள், இரண்டு புள்ளி! அப்பா ஒரு கிழமை சந்தைக்குப் போகவில்லை, பயற்றங்காய் முற்றத்தில் வாடிக் கிடந்தது.

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தி:
என் அனுபவம் சின்னது. கம்பஸில் என் மகனிடம் "கிளிநொச்சியோ, அப்ப கொட்டாதானே" என்றார்களாம், பின்தங்கிய மாவட்ட ஒதுக்கீட்டில் வந்தவன் என்று. அதற்குப் பிறகு அவன் ஊரைக் கேட்டால் வவுனியா என்று சொல்லத் தொடங்கிவிட்டான். வவுனியாவும் அதே பின்தங்கிய மாவட்டப் பட்டியலில்தான் என்பது அவனுக்கும் தெரியாது, கேட்டவனுக்கும் தெரியாது.

ஆனால் முதலில் எழுதிய பிள்ளை கொட்டாவையே குறை சொல்வதுபோல் இருக்கிறது. 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டச் சனத்தொகைக்கு, 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. யாழ்ப்பாணமும் அந்த 16இல் ஒன்று, அதன் வெட்டுப்புள்ளி இருக்கும் உயரத்தைப் பார்த்தால் நம்பமாட்டீர்கள். இதை எடுத்துவிட்டால் ஆய்வுகூடமே இல்லாத பள்ளிப் பிள்ளை எங்கே போகும்? அடுத்தது, இசட் என்றால் பலருக்கு விளங்குவதில்லை. ஒரு பாடத்தில் 75 எடுத்தீர்கள், அதன் சராசரி 45, நியம விலகல் (புள்ளிகள் சராசரியைச் சுற்றிப் பரவியிருக்கும் அளவு) 15 என்றால், 75இல் 45ஐக் கழித்து 15ஆல் பிரிக்க உங்கள் இசட் 2. மூன்று பாடத்தின் இசட்டையும் கூட்டி மூன்றால் பிரியுங்கள். ஆகவே சுகமான பாடம் எடுத்துத் தப்பலாம் என்று நினைக்காதீர்கள், எல்லோரும் கூடுதலாக எடுத்தால் சராசரியும் ஏறும். பல்கலைக்கழக அனுமதிப் படிவம் நிரப்பும்போது அதற்கான கைநூலை முழுக்க வாசியுங்கள். கிடைக்காது என்று நினைத்து எந்தப் படிப்பையும் விடாதீர்கள், விரும்பும் ஒழுங்கில் எழுதுங்கள். உயர்தரத்தோடு எழுதும் பொதுச் சாதாரண பரீட்சையில் 30 புள்ளி எடுக்க மறக்க வேண்டாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்ததைப் பார்த்து எழுதாதீர்கள்.

முத்தையன்கட்டுக்காரி:
சேர், எனக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். படிவம் நிரப்புகிற ஆள் இல்லை நான். கொட்டா வேண்டாம் என்றும் சொல்லவில்லை, அது எங்களுக்கென்று வைத்தது என்றுதான் சொல்கிறேன்.

பரந்தன் அண்ணா, கையொப்பம் வைத்தவர் ஆர் என்று எங்களுக்குத் தெரியாதா? மிஸ்ஸின் பேனாவே ஒருநாள் அந்தப் பெயரில் நின்று, மை ஊறிப் பொட்டுப் போட்டது. எனக்கு அவளில் கோபம் குறைவு. அந்தப் பள்ளியில் தண்ணிப் பைப்பே இருந்ததில்லை, கிணறு மட்டும்தான். ஒரு நாள் வந்து படித்திருந்தாலும் பைப் என்று கேட்டிருக்க மாட்டாள்.