வேல்ஸின் செனெத்: அதிகாரமா, அலங்காரமா?

மலைச்சாரல்:
பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்ஸை அறிமுகப்படுத்தி எழுதிய நண்பர், அதன் தலைநகர் கார்டிஃபிலுள்ள செனெத் என்ற அவையை ‘வேல்ஸின் நாடாளுமன்றம்’ என்று குறிப்பிட்டிருந்தார். காவல்துறையும் நீதிமன்றங்களும் இன்னும் லண்டனின் பிடியில் இருக்க, அந்தப் பெயர் சற்று மிகையென்றே எனக்குப் படுகிறது. இப்படியோர் அவை வேண்டுமா என்ற 1997 பொது வாக்கெடுப்பில் வெறும் 6,721 வாக்கு வித்தியாசத்தில் கரையேறிய அவை அது. ஏறத்தாழ முப்பத்தொரு லட்சம் பேர் வாழும் நாட்டுக்கு, 2026 தேர்தலிலிருந்து 60 உறுப்பினர்களுக்குப் பதிலாக 96 பேர் எதற்கு?

கழிமுகம்:
1997-ஓடு நிறுத்திவிட்டீர்களே, ஐயா. வேல்ஸிடம் ஒப்படைக்கப்பட்ட துறைகளில் நேரடியாகச் சட்டமியற்றும் உரிமை வேண்டுமா என்று 2011இல் கேட்டபோது, 63.5 விழுக்காட்டினர் வேண்டும் என்றார்கள். அவை எதற்கு என்ற கேள்விக்கு விடை காப்பெல் கெலினில் நீருக்கடியில் கிடக்கிறது. லிவர்பூலுக்குத் தண்ணீர் தேக்குவதற்காக அந்த வேல்ஷ் மொழிச் சிற்றூரை மூழ்கடிக்கும் சட்டம் 1957இல் லண்டன் நாடாளுமன்றத்தில் நிறைவேறியபோது, வேல்ஸின் 36 உறுப்பினர்களில் ஒருவர்கூட அதை ஆதரித்து வாக்களிக்கவில்லை. ஆயினும் 1965இல் பள்ளி, தேவாலயம், அஞ்சலகம், இடுகாடு அத்தனையும் நீரில் போயின.

மலைச்சாரல்:
அந்தக் கொடுமையை நான் மறுக்கவில்லை. ஆனால் அவை வந்தபின் மக்கள் சொல் எடுபட்டதா? குடியிருப்புச் சாலைகளில் மணிக்கு 20 மைல் வேகம் என்று 2023இல் விதித்தபோது, நான்கரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் எதிர்த்துக் கையொப்பமிட்டார்கள்.

கழிமுகம்:
எடுபட்டதனால்தான் மறு ஆண்டே சில சாலைகளை 30க்குத் திருப்ப வழிவிட்டார்கள். இந்த அவை எடுத்த முடிவால் 2007 முதல் இங்கே மருந்துச்சீட்டுக்குக் கட்டணம் இல்லை. எல்லை தாண்டி இங்கிலாந்துக்குப் போனால் ஒவ்வொரு மருந்துக்கும் பத்துப் பவுண்டை ஒட்டிக் கேட்பார்கள். மாதம் நான்கு மருந்து வாங்குபவரிடம் அலங்காரம் என்று சொல்லிப் பாருங்கள்.

நெய்தல்:
இருவரும் மொழியை விட்டுவிட்டீர்கள். சாலையில் ‘மெதுவாக’ என்பதற்கு ‘அரவ்’ என்று வெள்ளைச் சாயத்தில் எழுதியிருப்பது கண்ணுக்கு இனிமைதான். ஆனால் 2021 கணக்கெடுப்பில் வேல்ஷ் பேசுவோர் 17.8 விழுக்காடாகச் சுருங்கினர். 2050க்குள் பத்து லட்சம் பேர் என்ற இலக்கை அரசே வைத்துக்கொண்டிருப்பதால், அவையை அந்தத் தராசில்தான் நிறுக்க வேண்டும். நாடெங்கும் ஆண்டுதோறும் இடம் மாறி நடக்கும் ஐஸ்டெத்வோத் கலைவிழாவில் ஒரு வாரம் முழுக்க வேல்ஷ் ஒலிக்கிறது. மீதி 51 வாரங்களுக்கு என்ன வழி?

மலைச்சாரல்:
இந்தத் தராசை ஏற்கிறேன். ஸ்வான்சி சந்தையில் ‘பாரா லவர்’ வாங்கியிருக்கிறேன். ‘பாரா’ என்றால் ரொட்டி; பெயரில் ரொட்டி உண்டு, கையில் கிடைப்பதோ மணிக்கணக்கில் வேகவைத்துக் கறுத்துக் குழைந்த கடற்பாசி. செனெத்தும் எனக்கு அப்படித்தான் தெரிகிறது.

கழிமுகம்:
அதை ஓட்ஸ் மாவில் புரட்டி, பன்றிக்கொழுப்பில் பொரித்து, பென்க்லாவ்த் ஊர்ச் சிப்பிச்சதையோடு காலையில் உண்டு பார்த்தீர்களா? ரொட்டியில்லை என்று அங்கே எவரும் தட்டை ஒதுக்குவதில்லை, ஐயா.