லண்டன் போகிற நம் கரைப் பிள்ளைகளுக்கு: வெளியே சாப்பிடக் கூப்பிட்டால் போங்கள்

லண்டனில் நர்ஸ் வேலை பார்க்கிற நான் லீவில் பாம்பன் வந்து பத்து நாளாகிறது. முந்தாநாள் சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணையில் நான்கு பேர் வந்து உட்கார்ந்தார்கள். மேல்படிப்புக்குப் போகிற தொண்டித் தம்பி, கீழக்கரையிலிருந்து புதிதாகக் கல்யாணமான ஜோடி, நர்ஸ் வேலைக்கு ஆர்டர் வந்திருக்கும் தங்கச்சிமடத்துப் பிள்ளை. விசா, வாடகை, குளிர் உடுப்பு என்று எல்லாம் கேட்டு முடித்த பிறகு அந்தப் பிள்ளை தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "அக்கா, வேலை செய்ற இடத்துல ஒயின் பாருக்கெல்லாம் கூப்பிடுவாங்களாமே, போகணுமா?"

அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்துவிட்டார். நான் போன புதிதில் போனில் இதே வார்த்தையைச் சொன்னபோது அம்மா அழுதது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அம்மாவைக் குறை சொல்ல முடியாது. நம் ஊரில் ஒயின் ஷாப் என்றால் அங்கே கிடைப்பது பிராந்தியும் பீரும்தான். பக்கத்தில் ஒரு பார். அந்த வாசலைத் தாண்டும்போது பெண்கள் நடையை எட்டிப் போடுவோம். லண்டனில் தெருமுனை ஒயின் பார் என்பது பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு மேசை போட்ட சாப்பாட்டுக் கடை. தள்ளுவண்டியில் குழந்தையோடு வருவார்கள், வயதான அம்மா ஒருவர் தனியாக உட்கார்ந்து புத்தகம் படிப்பார். குடித்துத்தான் ஆகவேண்டும் என்று யாரும் சொல்வதில்லை.

முதல் வருடம் முழுக்க நான் போகவே இல்லை. நைட் டூட்டி, தலைவலி என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம். அப்புறம் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். கோபத்தில் இல்லை, எனக்குப் பிடிக்காது என்று நினைத்துக்கொண்டார்கள். டூட்டி மாற்றிக் கொடுப்பது, எந்த மேலதிகாரியிடம் எப்படிப் பேசுவது, எந்தத் தெருவில் வாடகை குறைவு, இதெல்லாம் அந்த மேசையில்தான் பேசப்படுகிறது என்று பிறகுதான் புரிந்தது. அதனால் சொல்கிறேன், முதல் அழைப்பிலேயே போங்கள். குடிக்காதவர்கள் "நான் குடிப்பதில்லை, சாப்பிட வருகிறேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். அந்த ஒரு வாக்கியத்துக்கு மேல் யாரும் விளக்கம் கேட்கமாட்டார்கள்.

ஆனால் பில் விஷயத்தில் கவனம். நான் முதன்முதல் போன இடத்தில் எல்லாமே சின்னச் சின்னத் தட்டு, நடுவில் வைத்துப் பகிர்ந்து சாப்பிடுவது. அது தெரியாமல் எனக்கென்று ஒரு கணவாய்த் தட்டு சொல்லி, அதை மட்டும் சாப்பிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு இருந்தேன். மற்ற ஐந்து பேர் இரண்டு பாட்டில் ஒயின் வாங்கினார்கள். கடைசியில் பில்லை ஆறாகப் பிரித்தார்கள். என் பங்கு நாற்பது பவுண்டுக்கு மேலே. கேட்க வாய் வரவில்லை, அந்த வாரம் முழுக்க மனசு கனத்துக் கிடந்தது. ஆர்டர் கொடுக்கும்போதே "ஒயின் பங்கில் நான் இல்லை" என்று சிரித்த முகமாகச் சொல்லிவிட்டால் போதும், சாப்பாட்டை மட்டும் பிரிப்பார்கள். அங்கே அது அநாகரிகம் இல்லை.

இதைச் சொன்னதும் கீழக்கரைத் தங்கச்சி, "அப்ப அது நம்ம சஹன் சாப்பாடு மாதிரிதானே அக்கா?" என்றாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஒரே தாலத்தைச் சுற்றி உட்கார்ந்து, அடுத்தவர் பக்கம் கை போகாமல், நல்ல துண்டை எதிரே இருப்பவருக்குத் தள்ளிவிட்டுச் சாப்பிடத் தெரிந்தவர்களுக்கு அந்த மேசையில் என்ன கூச்சம்? ஒன்று மட்டும்: தட்டுகள் வரிசையாக வராது. சமைந்தது சமைந்தபடி வரும். இரண்டு பேருக்கு நான்கு தட்டு சொல்லுங்கள், பசி மிஞ்சினால் அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

பாட்டில் வாங்கினால் பரிமாறுபவர் கண்ணாடிக் குவளையில் ஒரு வாய் அளவு ஊற்றிவிட்டு நிற்பார். பிடித்திருக்கிறதா என்று கேட்பதற்காக அல்ல, கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பதற்காக. கார்க் கெட்ட ஒயினில் நனைந்த அட்டைப்பெட்டி வாடை வரும். அப்படி வந்தால் சொல்லலாம், வேறு பாட்டில் தருவார்கள். எங்கள் அப்பா ஏலத்தில் விலை கேட்பதற்கு முன் மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பார். சிவப்பாக இருக்கிறதா, வழவழப்பு எப்படி, மோந்து பார்த்தால் கடல் வாசமா கவிச்சா. ஒரு நொடி வேலை. அதே வேலைதான் இதுவும். மூக்கு கிட்டே கொண்டுபோய் ஒரு தடவை மோந்து பார்த்து, "சரி" என்று தலையாட்டினால் போதும்.

மீன் விஷயத்தில் நாம் யாருக்கும் இளைத்தவர்கள் இல்லை, இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மெனுவில் புரியாத பேராக இருக்கும், தட்டில் வந்தால் நமக்குத் தெரிந்த முகமாக இருக்கும். ரெட் மல்லட் என்பது தாடையில் இரண்டு மீசை வைத்த நம் நவரை வகை. மேக்கரல் என்றால் நம் கானாங்கெளுத்தியின் உறவு. ஆக்டோபஸ் என்று பெரிய விலை போட்டிருப்பது பேய்க்கணவாய். முழு மீன் சொன்னால் அன்றைக்கு என்ன வந்தது, எந்தக் கரையிலிருந்து வந்தது என்று கேளுங்கள். நல்ல கடையில் ஆசையாகப் பதில் சொல்வார்கள். பதில் தெரியாத கடையில் நான் மீன் சாப்பிடுவதில்லை.

ஒயின் குடிக்கிறவர்களுக்கு: மீனோடு அழுத்தமான சிவப்பு ஒயின் வேண்டாம். அதில் இரும்புச்சத்து கூடுதலாக இருந்தால் மீனோடு சேரும்போது வாயில் கவிச்சு ஏறும். எனக்குப் பிடித்தது மன்சனில்லா என்ற வெள்ளை ஒயின். ஸ்பெயினில் சான்லூகார் என்ற கடற்கரை ஊரில் வைத்து முதிர வைப்பது, நாக்கில் உப்புக்காற்று பட்ட மாதிரி இருக்கும். பொரித்த நெத்திலியோடு அவ்வளவு பொருத்தம். ஆனால் அது 15 சதவீதம், சின்னக் குவளைதான். காரச் சாப்பாட்டுக்கு ஆல்கஹால் குறைந்த, லேசாக இனிக்கிற ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின் கேளுங்கள். ஆல்கஹால் கூடக்கூட மிளகாய் எரிச்சலும் கூடும்.

சைவக்காரர்கள் இதைக் கவனியுங்கள். நம் கரையில் கூறல் மீன் மாட்டினால் அதன் வயிற்றில் காற்றுப்பையாக இருக்கிற நெட்டிக்குத்தான் போட்டி போட்டு விலை ஏறும். மீன் நெட்டியைக் காயவைத்து எடுக்கும் ஐசிங்கிளாஸ் என்ற பொருளைப் போட்டு ஒயினையும் பீரையும் தெளியவைப்பது ஐரோப்பாவில் பழைய வழக்கம், இன்றும் சிலர் செய்கிறார்கள். அங்கே சாப்பாட்டுக் கடைகள் அலர்ஜி தரும் 14 பொருட்களைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். அதில் மீன் உண்டு, இறால் நண்டு வகை தனி, சிப்பி கணவாய் வகை தனி. ஆனால் தெளியவைக்கப் போட்ட ஐசிங்கிளாஸுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, லேபிளில் இருக்காது. "இது வீகன் ஒயினா?", அதாவது மீன், விலங்குப் பொருள் எதுவும் சேராததா என்று கேட்டால்தான் தெரியும். இறால் ஒத்துக்கொள்ளாதவர்கள் அந்த 14 பொருள் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வார்டில் வீங்கின முகத்தோடு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், இதில் கூச்சப்படவே கூடாது.

கீழக்கரை மாப்பிள்ளை கேட்டது ஹலால். கறி ஹலாலா என்று மட்டும் கேட்டால் போதாது. சிப்பியைப் பெரும்பாலும் வெள்ளை ஒயினில் வேகவைப்பார்கள், ரிசோட்டோ சோற்றில் ஒயின் ஊற்றுவார்கள், டிராமிசு என்ற இனிப்பில் மர்சாலா ஒயினோ ரம்மோ சேர்க்கிற கடைகள் உண்டு, பன்னா கோட்டா என்ற பால் இனிப்பில் விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கிற ஜெலட்டின் இருக்கும். "சமையலில் ஒயின் சேர்க்கிறீர்களா?" என்று ஒவ்வொரு தட்டுக்கும் கேளுங்கள். அலுத்துக்கொள்ளமாட்டார்கள். கொம்புச்சா என்ற புளிக்கவைத்த தேநீரில் கொஞ்சம் ஆல்கஹால் இருக்கும். ஆல்கஹால் இல்லாத பீர் என்று தருவதிலும் 0.5 சதவீதம் வரை இருப்பது உண்டு, 0.0 என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். மது வைத்திருக்கும் இடத்தில் உட்காரவே மனசு ஒப்பவில்லை என்றால் அதுவும் சரிதான். "சனிக்கிழமை காலைச் சாப்பாட்டுக்கு நான் கூட்டிப்போகிறேன்" என்று நீங்களே அழையுங்கள். உறவு விட்டுப்போகாமல் இருந்தால் போதும்.

தம்பிக்குப் பணக்கவலை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மது உரிமம் உள்ள கடைகளில் குழாய்த் தண்ணீர் கேட்டால் இலவசமாகத் தரவேண்டும் என்பது சட்டம். "டேப் வாட்டர்" என்று சொல்லிக் கேளுங்கள், வெறுமனே தண்ணீர் என்றால் விலையுள்ள பாட்டில் வந்துவிடும். மெனு விலையில் 20 சதவீத வாட் வரி அடங்கியிருக்கும். பில் அடியில் பல கடைகளில் 12.5 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் சேர்த்திருப்பார்கள். டிஸ்கிரஷனரி, அதாவது உங்கள் விருப்பம் என்று போட்டிருந்தால் எடுக்கச் சொல்லலாம். ஆனால் 2024 அக்டோபர் 1 முதல் அந்தப் பணம் முழுவதும் வேலை செய்பவர்களுக்கே போகவேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது, அதனால் மரியாதையாகக் கவனித்தால் நான் கொடுத்துவிடுவேன். புதிதாகத் திறக்கிற கடைகள் முதல் சில நாள் ஒத்திகைக்காகச் சாப்பாட்டைப் பாதி விலைக்குக் கொடுப்பதுண்டு, அவர்களுடைய இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். கார்டு எண் கொடுத்து மேசை பிடித்துவிட்டுப் போகாமல் இருந்தால் பணம் பிடித்துவிடுவார்கள். நம்மூர் மாதிரி ஒன்பதரைக்குப் போய் நிற்காதீர்கள், பல கடைகளில் சமையல்கட்டை மூடியிருப்பார்கள். வாசலில் பச்சையும் கறுப்புமாக 0 முதல் 5 வரை சுகாதார மதிப்பெண் ஒட்டியிருக்கும். இங்கிலாந்தில் ஒட்டுவது கட்டாயமில்லை, இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். 4-க்குக் கீழே நான் போவதில்லை.

நர்ஸாக ஒன்று சொல்லியே ஆகவேண்டும். ஒரு பெரிய கிளாஸ் என்பது 250 மில்லி, பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு. அங்கே ஆல்கஹாலை யூனிட் கணக்கில் அளப்பார்கள், ஒரு யூனிட் என்பது 10 மில்லி சுத்த ஆல்கஹால். 13 சதவீத ஒயினில் அது மூன்று யூனிட்டுக்கு மேலே. வாரத்துக்கே 14 யூனிட்டுக்கு மேல் வேண்டாம் என்பது அங்கே மருத்துவர்கள் சொல்லும் அளவு. 125 மில்லி கிளாஸும் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, அதைக் கேளுங்கள். குடித்த அன்று வண்டிச் சாவியைத் தொடாதீர்கள். அதில் மாட்டினால் லைசென்ஸோடு நிற்காது, விசா வரைக்கும் வந்து நிற்கலாம்.

கடைசியாக, நீங்கள் குடியிருக்கும் தெருவில் ஒரு சின்னக் கடையைப் பிடித்துக்கொள்ளுங்கள். என் வீட்டுக்குப் பக்கத்தில் துணி வெளுக்கும் கடை இருந்த இடத்தில் ஒன்று திறந்தார்கள். செவ்வாய்க்கிழமை கூட்டம் இருக்காது, தனியாகப் போய்ச் சமையல்கட்டைப் பார்த்தபடி இருக்கும் நீளமேசையில் உட்காருவேன். ஒருநாள் சமையல்காரர் பெரிய ஹேக் மீனை வெட்டி, தலையை அப்படியே குப்பைக் கூடைக்குள் போடப்போனார். என்னை அறியாமல் "ஐயோ" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். திரும்பிப் பார்த்தார். "அதை எனக்குத் தருவீர்களா?" என்று கேட்டேன். உப்பும் எலுமிச்சையும் தடவி நெருப்பில் வாட்டிக் கொண்டுவந்து வைத்தார். கன்னத்துச் சதையை விரலால் எடுத்து அவருக்கும் ஒரு துண்டு கொடுத்தேன். நின்றபடியே தின்றுவிட்டு இன்னொன்று கேட்டார். காசு வாங்கவில்லை. இப்போது பெரிய மீன் வந்தால் தலையை எடுத்து வைத்துவிட்டு எனக்கு மெசேஜ் போடுகிறார்.

திண்ணையில் இதைச் சொல்லி முடித்தபோது அம்மா ஒன்றும் பேசவில்லை. நேற்றுக் காலையில் பார்த்தால் முற்றத்தில் மல்லியும் மிளகாயும் காய்கிறது. "அந்தச் சமையக்காரருக்கும் ஒரு பொட்டலம் கட்டித் தாரேன், தலைக்குப் புளி கொஞ்சம் தூக்கலா ஊத்தச் சொல்லு" என்கிறார்.