ஈரம் தட்டினதும் ராடு இறுகுது: 6.5 இன்ச் போர்ல எதை மாத்தணும்?

பாலக்கோடு ரிக்
மாரண்டஹள்ளி பக்கம் 6.5 இன்ச் போர். மேல்மண்ணும் சுக்காம்பாறையும் சேர்ந்து 55 அடி, அதுக்குக் கீழ பாறை. 60 அடிக்கு 7 இன்ச் பிவிசி கேசிங் (மண் சரியாம தடுக்கிற குழாய்) இறக்கியிருக்கு. ராடு 3.5 இன்ச், கம்ப்ரசர் 600 சிஎஃப்எம் (நிமிஷத்துக்கு 600 கன அடி காத்து). 300 அடி வரைக்கும் புகை நல்லா வருது. 320ல லேசா ஈரம் தட்டுது, தண்ணின்னு சொல்ற அளவு இல்லை. அதுக்கப்புறம் ரெண்டு ராடு இறங்கறதுக்குள்ள புகை நின்னுடுது, தூக்கப் போனா ஹேமர் (ராடு அடியில பாறையை உடைக்கிற கருவி) இறுகுது. ரெண்டு இடத்துல போர் போட்டும் இப்படித்தான். கேசிங் தப்பா, காத்து பத்தலையா?

ஊத்தங்கரை டிரில்லர்
நீங்க சொல்ற அந்த லேசான ஈரம்தாங்க காரணம். பாறைத்தூள் காய்ஞ்சு வந்தா புகையா வெளிய போயிடும், தண்ணி நிறைய வந்தா சேறா போயிடும். ரெண்டுக்கும் நடுவுல பிசைஞ்ச மாவு மாதிரி ஆகறப்பதான் ராடு மேலயும் குழிச் சுவர்லயும் அப்பி, ஹேமருக்கு மேல வளையமா கட்டிக்கும். நீங்க தூக்கறப்ப அந்த வளையத்துல போய் ஹேமர் முட்டுது.

ஈரம் தெரிஞ்ச உடனே, அடுத்த ராடு வரைக்கும் காத்திருக்காம, தண்ணி பம்ப்பைத் திறந்து காத்தோட சேர்த்து உள்ள விடுங்க. 200 லிட்டர் தண்ணிக்கு 1 முதல் 2 லிட்டர் ஃபோம் (நுரை வர வைக்கிற திரவம்). குழி வாயில வர்றது ஒண்ணு தூளா இருக்கணும், இல்ல ஓடற சேறா இருக்கணும். கையில உருட்டினா உருண்டை புடிச்சா ஓட்டறதை நிறுத்துங்க.

கேஜைப் பார்க்கிற ஆள் வேற வேலை பார்க்கக்கூடாது. புகை குறையறது, காத்து அழுத்தம் ஏறறது, ரொட்டேஷன் இறுக்கமாகறது மூணும் ஒண்ணன் பின்னால ஒண்ணா வரும். முதல் அறிகுறியிலேயே ஒரு ராடு உயரம் தூக்கி, காத்தும் சுத்தும் நிக்காம ஊதி விட்டா 5 நிமிஷ வேலை. மூணும் சேர்ந்த பிறகுன்னா ஒரு நாள் வேலை.

பர்கூர் ஹேமர் சர்வீஸ்
காத்துக் கணக்கையும் பாருங்க. 6.5 இன்ச் குழியில 3.5 இன்ச் ராடு போனா சுத்தி இருக்கிற இடைவெளி சுமார் 0.164 சதுர அடி. 600ஐ அதால வகுத்தா நிமிஷத்துக்கு 3,650 அடி வேகம். அதே குழியில 4.5 இன்ச் ராடு போட்டா இடைவெளி 0.12, வேகம் 5,000 அடி. காய்ஞ்ச தூளுக்கு 3,000 போதும், ஈரத்தூளுக்கும் கல்துண்டுக்கும் பத்தாது. பாறையில பெரிய கேப் (வெடிப்பு) வந்து காத்துல பாதி அதுக்குள்ள போயிட்டா உங்க 3,650ல என்ன மிஞ்சும்? கம்ப்ரசரை மாத்தறதை விட ராடை மாத்தறது செலவு குறைவு.

ராடு கழட்டறதுக்கு முன்னால அடியில இருந்து 2, 3 அடி தூக்கி, வாயில தூள் நிக்கற வரைக்கும் ஊதணும். காத்தை மூடினதும் குழியில மிதக்கிற தூள் முழுக்க ஹேமர் தலையில வந்து உக்காரும். ஹேமர்ல தூளும் தண்ணியும் உள்ள ஏறாம தடுக்கிற செக் வால்வு தேஞ்சிருந்தா உள்ளயும் ஏறும்.

ஹேமர் முனையில இருக்கிற பிட்டோட விட்டம் இன்னொண்ணு. நம்ம பக்கப் பாறையில குவார்ட்ஸ் அதிகம், பிட் ஓரத்துல இருக்கிற கெட்டி உலோகப் பட்டனைச் சீக்கிரம் தின்னுடும். 165 மிமீ பிட் 161க்கு தேஞ்சு ஓட்டின குழியில புது பிட் இறக்கினா, தேஞ்ச இடத்துலயே ஆப்பு மாதிரி மாட்டிக்கும். காலிப்பர்ல அளந்து, பெரிசுல இருந்து சின்னது வரிசையில போடுங்க.

கேசிங் பத்தி: 55ல பாறைன்னா 60 சரிதான், ஆனா அந்த 5 அடியும் கெட்டிப் பாறையான்னு பாருங்க. கேசிங் அடி பாறையில உக்காராம இருந்தா மேல இருந்து மணலும் ஜல்லியும் கசிஞ்சு விழும். அப்படி விழுந்தா வாயில வர்ற தூள்ல செம்மண் நிறம் தெரியும், உங்க தூள்ல அது வருதா?

காவிரிப் படுகை ரிக்
எண்ணெய்க் கிணத்துல ராடு மாட்டினா முதல் கேள்வி: மட் (குழிக்குள்ள ஓட விடற சேத்துக் கலவை) சுத்தி வருதா? சுத்தி வந்தும் பைப் அசையலைன்னா, மட்டோட அழுத்தம் மணற்பாறைச் சுவர்ல பைப்பை ஒட்ட வெச்சிருக்கு. அதனாலதான் அங்க பைப்பைச் சும்மா நிறுத்தி வைக்க விடமாட்டாங்க, மட் எடையையும் தேவைக்கு மேல ஏத்தமாட்டாங்க. மட் சுத்தறதே நின்னா குழி அடைச்சிருக்கு. காத்துல ஓட்டற உங்க போர்ல முதல் வகைக்கு இடமே இல்லை, இது ரெண்டாவது வகை.

ரெண்டு இடத்துக்கும் பொது விதி ஒண்ணு இருக்கு: எந்தப் பக்கம் போறப்ப மாட்டுச்சோ, அதுக்கு எதிர்ப்பக்கம் முதல்ல நகர்த்துங்க. தூக்கறப்ப மாட்டினா கீழ இறக்கி, சுத்தி, ஊதுங்க. மேலயே இழுத்தா வளையம் இன்னும் இறுகும். ரிவர்ஸ் சுத்தவே கூடாது, திரெட் கழண்டு ஹேமர் குழியிலேயே தங்கிடும்.

பாலக்கோடு ரிக்
தூள்ல செம்மண் இல்லைங்க, சாம்பல் நிறம்தான். ஃபோம் போட்டா ஊத்து அடைஞ்சிடும்னு தோட்டக்காரர் தடுக்கறார். உண்மையா?

ஊத்தங்கரை டிரில்லர்
அப்ப கேசிங் மேல சந்தேகம் வேண்டாம். ஃபோம் உடைஞ்சு தண்ணியோட வெளிய வந்துடும். ஊத்தை அடைக்கிறது அந்த மாவுதாங்க, கேப் மேல பூசின மாதிரி காய்ஞ்சிடும். ஆழம் முடிச்சதும் தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் வெறும் காத்துல ஊதிக் காட்டுங்க. பென்டோனைட் களிமண் மட்டும் பாறைக்குள்ள விடாதீங்க, அதைப் பத்தி அவர் பயந்தா நியாயம்.