மனநல மருத்துவரையே தடுமாற வைக்கும் நோயாளிகள்: திரைப்படப் பரிந்துரை வேண்டுகிறேன்

குழு நண்பர்களுக்கு வணக்கம். மனநல மருத்துவருக்கும் அவரால் எளிதில் புரிந்துகொள்ள முடியாத நோயாளிக்கும் இடையிலான உறவைச் சொல்லும் திரைப்படங்களைத் தொடர்ந்து பார்க்க விரும்புகிறேன். எலிசெயோ சுபியேலா இயக்கி 1986ஆம் ஆண்டு வெளிவந்த அர்ஜென்டினப் படமான 'தென்கிழக்கு நோக்கி நிற்கும் மனிதன்' தான் இந்த ஆர்வத்துக்குக் காரணம். புவனோஸ் ஐரிஸ் நகர மனநல மருத்துவமனையில் திடீரெனத் தோன்றும் ரான்தேஸ், தான் வேற்றுலகத்திலிருந்து வந்தவன் என்று அமைதியாகச் சொல்லி, முற்றத்தில் தென்கிழக்கைப் பார்த்தபடி அசையாமல் நிற்கிறான். அவனுக்குச் சிகிச்சை அளிக்க வேண்டிய மருத்துவர் டெனிஸோ, தன் வாழ்க்கையின் வெறுமையை அவன் வழியாகவே உணரத் தொடங்குகிறார்.

சிட்னி லூமெட்டின் 'ஈக்வஸ்' (1977), அதில் குதிரைகளின் கண்களைக் குத்திய சிறுவனைக் குணப்படுத்துவதே சரிதானா என்று மருத்துவராக வரும் ரிச்சர்ட் பர்ட்டன் தனக்குள் போராடுவதற்காகவே எனக்குப் பிடித்தது. 'கே-பேக்ஸ்' (2001) பார்த்துவிட்டேன். நன்று, ஆனால் சற்று இனிப்புக் கூடுதல்.

நோயாளியைக் கொலைகாரனாகக் காட்டி முடிக்கும் படங்களும், 'மணிச்சித்திரத்தாழ்' போல மருத்துவர் முடிச்சை முழுமையாக அவிழ்த்துவிடும் படங்களும் (அது எத்தனை சிறந்த படமாயினும்) இப்போதைக்கு வேண்டாம். மருத்துவரின் உறுதியே ஆட்டம் காணும் படங்கள், குறிப்பாக ஜப்பானிய, ஈரானிய, வங்காள மொழிகளில் இருந்தால், பெயரையும் ஆண்டையும் குறிப்பிட்டு உதவுங்கள். முடிவை மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.